தாளைக் கீழே விடும் கை

வானொலி நாடகக்காரர்கள் படித்து முடித்த தாளைப் புரட்டுவதில்லை, கீழே விட்டுவிடுவார்கள். புரட்டினால் சரசரவென்று சத்தம் வரும். மைக் இருக்கிறதே, அது பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிற ஆளைப் போல, ஒன்றையும் விடாது. அதனால் பின் அடிக்காத மெல்லிய தாளில் வசனத்தை அச்சடித்துக் கொடுப்பார்கள். பக்கம் முடிந்ததா, விரலைத் தளர்த்தினால் போதும். தாள் ஆடி அசைந்து கம்பளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். கேட்கிறவர்களுக்கு ஒரு பொட்டுச் சத்தம் தெரியாது. நாடகம் முடிந்து தரையைப் பார்த்தால்தான், அடேயப்பா, இவ்வளவா பேசித் தீர்த்தோம் என்றிருக்கும்.

இந்தப் பழக்கம் கூட்டத்தின் விரல்களில் வருடக்கணக்காக ஊறிப்போயிருந்தது. கூட்டம் என்பது நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர். சந்தை இரைச்சலா, கல்யாண வீடா, தீப்பிடித்த தெருவா, கூப்பிடு அவளை. ஒற்றை ஆளாக மைக் முன்னால் நின்றுகொண்டு கிழவியாவாள், குழந்தையாவாள், கிழவியிடம் அடி வாங்குகிற குழந்தையும் ஆவாள். அத்தனை குரல் இருந்து என்ன பயன்? சொந்தமாக ஒரு பாத்திரம் அவளுக்கு வாய்த்ததில்லை. கதாநாயகி அழுதால் "ஐயோ பாவம்" என்று பின்னாலிருந்து சொல்கிற ஐந்து பேரும் அவள்தான்.

இப்போதுதான் அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தது. ஞாயிறு காலை நேரடி நாடகம், இரண்டே பாத்திரங்கள், அதில் ஒன்று அவள். நாடக இயக்குநர் அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்தே சொல்லிவிட்டார்.

"இது பிடிச்சிருந்தா வாராவாரம் நேரடி நாடகம்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க. நீதான் நாயகி. சொதப்பினா பழைய பதிவையெல்லாம் தூசி தட்டிப் போடுன்னுட்டாங்க. அப்புறம் நீ மறுபடி கூட்டம்தான், கூட்டம்."

அன்றிலிருந்து அவள் தரையில் நடக்கவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டோமா என்பது மறந்துபோகும். வசனம் மட்டும் மறக்காது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த டேப் என்கிற தொடுதிரைப் பலகை வந்து சேருகிறவரை.

டேப் வந்ததற்குக் காரணம் ஒரு பிணம். போன மாதம் வெள்ளோட்டமாக ஒரு குறுநாடகத்தை நேரடியாகப் போட்டார்கள். எழுத்தாளர் கடைசி நிமிடத்தில் அனுப்பிய திருத்தத் தாள்கள் இடம் மாறிவிட்டன. குத்துப்பட்டுச் செத்துப்போனவன், அடுத்த பக்கத்தில் எழுந்து, "இன்னிக்கு ஏனோ நல்லாப் பசிக்குது" என்று சொல்லித் தொலைத்தான். ஊரே சிரித்தது. இயக்குநர் மறுநாளே சபதம் போட்டார்: இனிமேல் என் ஸ்டூடியோவுக்குள் தாள் நுழையக் கூடாது. ஆளுக்கொரு டேப். திருத்தம் எழுதினால் நேராக அதிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கூட்டம் கொதித்துப்போனாள்.

"சார், பேப்பர்ல நான் குறி போட்டு வச்சிருப்பேன். மூச்சுக்கு ஒரு கோடு, அழுகைக்கு ஒரு சுழி, குரலை இறக்கறதுக்கு ஒரு அம்பு. அதுல எங்கே கொண்டுபோய்ப் பென்சிலை வைக்கறது?"

"அதுலயும் கோடு போடலாம்மா. விரலாலயே போடலாம்."

"விரலால போட்டுப் பார்த்தேன் சார். கோழி நடந்த மாதிரி இருக்கு. அது போகட்டும். பேப்பர்ல ஒவ்வொரு வரியும் ஒரு இடத்துல இருக்கும். 'மன்னிச்சுடுங்க'ன்னு சொல்றது மூணாம் பக்கத்துல அடியில, டீக்கறைக்குப் பக்கத்துல. கண்ணு தானாப் போய் நிக்கும். இதுல எல்லா வரியும் ஒரே இடத்துல வருது. எது எங்கேன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"பழகிடும்" என்றார் இயக்குநர். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உலகத்தில் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று கணக்கே கிடையாது.

வீட்டிலாவது ஆதரவு கிடைத்ததா? அதுவும் இல்லை. அவள் கணவர் அதே நிலையத்தில் ஒலி விளைவுகள் செய்கிறவர். சக்கரம் வைத்த கதவுகளையும் ஜன்னல்களையும் தள்ளிக்கொண்டு திரிவதால் கதவுக்காரர் என்று பெயர். தகரத் தட்டில் அரிசியைச் சரித்து மழை பெய்ய வைப்பார். மணல் மூட்டையைப் பிசைந்து பனியில் நடப்பார். அவருக்குத் தாள் என்றாலே ஆகாது.

"உங்க பேப்பரெல்லாம் சேர்ந்து என் மழையைக் கெடுக்குது. போன தடவை சோன்னு பெய்யுது மழை, நடுவுல எவனோ பொட்டலம் மடிக்கிறான். டேப் வரட்டும், நல்லது."

"கட்டின பொண்டாட்டிக்கு ஆதரவா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வேலை வேற, வீடு வேற" என்றார் கதவுக்காரர், அவள் வைத்த தோசையை மூன்றாவது தடவையாகப் போட்டுக்கொண்டு.

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் கர்ஜனை. நாடகத்தின் இரண்டு பாத்திரங்களில் மற்றொன்று அவர்; குரலால் வந்த பெயர், வயது அறுபதைத் தாண்டியவர். அவர் தொண்டையைச் செருமினாலே கட்டுப்பாட்டு அறையில் ஒலி அளவு காட்டும் முள் எகிறும். அந்த மனிதர் இதுவரை எந்தப் புதுப் பொருளையும் நல்ல வார்த்தை சொல்லி வரவேற்றதில்லை. லிப்ட்டைக்கூட நம்பாமல் மாடிப்படி ஏறுகிறவர். டேப் என்றதும் முதல் ஆளாகக் கை தூக்கினார். "ரொம்ப நல்ல ஏற்பாடு. காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்" என்றார். இயக்குநருக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாரு கூட்டம், அவர் வயசென்ன, உன் வயசென்ன" என்று அதையும் அவள் தலையிலேயே கொண்டுவந்து வைத்தார். கர்ஜனையோ டேபைச் சீட்டாட்டக்காரர் சீட்டைப் பிடிப்பதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் படிப்பார். பக்கத்தில் யாராவது வந்தால் இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொள்வார். கையில் ஆஸ் இருக்கிறது போல என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள்.

ஒத்திகை முழுக்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்தபடி நடந்தது. டேபுகள் சின்னச் சின்னத் தாங்கிகளில் நின்றன. விரலால் தள்ளினால் பக்கம் நகரும். அவளும் முணுமுணுத்துக்கொண்டே பழகினாள். வேறு வழி? நாயகி வேஷத்தையும் வாங்கிக்கொண்டு முகத்தையும் தூக்கி வைத்துக்கொண்டால், வேஷம் வேறு ஆளைத் தேடிப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததுமே அவள் முதல் வரியை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கால் தரையில் நிற்க மறுத்தது. கர்ஜனை மைக் முன்னால் நின்று அமைதியாக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கதவுக்காரர் தன் மூலையில் மரப்பலகை, மணல், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டு, கடைசியில் வருகிற சாப்பாட்டுக் காட்சிக்காக எவர்சில்வர் தட்டுகளையும் டம்ளர்களையும் ஒரு முக்காலியின் மேல் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்.

ஒலிபரப்புக்குக் கொஞ்சம் முன்னால் இயக்குநர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் பேசினார்.

"கடைசிக் காட்சியை எழுத்தாளர் மாத்தியிருக்கார். டேப்ல வந்தாச்சு. ஒரு தடவை கண்ணை ஓட்டிக்குங்க. பார்த்தீங்களா, ஒரு பேப்பர் மாத்தணுமா, ஒண்ணு கிடையாது."

அவள் அவசர அவசரமாகக் கண்ணை ஓட்டினாள். பாதி மண்டையில் ஏறியது, பாதி ஏறவில்லை. அதைவிட அவளுக்கு வேறொரு கவலை.

"சார், நான் திருடி. தூரத்துல இருந்து மெதுவா மைக் பக்கத்துல நடந்து வரணும். தாங்கியில வச்சா எப்படி வர்றது? கையில எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோ. பத்திரம்" என்றார் இயக்குநர். அவர்மேல் பழி சொல்ல முடியாது. அவளே கேட்டு வாங்கிக்கொண்டது.

நாடகத்தின் கதை இதுதான். ஊர் அடங்கிய நேரத்தில் தனியாக வசிக்கும் ஒரு மனிதரின் வீட்டுக்குள் ஒரு திருடி நுழைகிறாள். முதல் ஏழு பக்கமும் அவள் இருட்டில் நடந்தபடி தனக்குத் தானே பேசிக்கொள்வது. எதற்காக வந்திருக்கிறாள் என்பது அதில்தான் வெளியாகும். அதன்பிறகு அந்த மனிதர் விழித்து விளக்கைப் போடுவார். இருவரும் பேசத் தொடங்குவார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

கதவுக்காரர் அரிசியைச் சரித்தார். மழை பெய்தது. ஜன்னல் தாழ்ப்பாள் நெளிந்து திறந்தது. கதவுக்காரரின் மூலையிலிருந்து அவள் கிளம்பி, முனகலாகப் பேசத் தொடங்கினாள். ஆஹா, அந்தத் தொடக்கம். முதல் வரியிலேயே தன் குரல் பிடிபட்டுவிட்டது அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர் கட்டைவிரலை உயர்த்தினார். ஒரு பக்கம் போனது, இரண்டாவது போனது. விரல் தானாகத் தள்ளியது. அவள் டேபை மறந்தாள், ஸ்டூடியோவை மறந்தாள், நிஜமாகவே யாரோ ஒருவருடைய வீட்டு இருட்டில் நின்றாள். மூன்றாவது பக்கத்தின் கடைசி வரியை, பெருமை பொங்க, மூச்சாலேயே சொன்னாள்.

"சத்தம் இல்லாம நடக்கறதுக்கு ஒரு சாமர்த்தியம் வேணும். அது எனக்குக் கூடப் பொறந்தது."

பக்கம் முடிந்தது. கை விரிந்தது.

வருடக்கணக்கில் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் விரிந்த கை. அதற்குக் கண்ணாடியும் காகிதமும் ஒன்றுதான். டேப் நழுவி, முக்காலியில் இருந்த தட்டுக் கோபுரத்தின் நட்ட நடுவில் போய் விழுந்தது. தட்டு டம்ளர்மேல் விழ, டம்ளர் பலகைமேல் விழ, ஒரே ஒரு தட்டு மட்டும் தான் தனி ரகம் என்பதுபோல விளிம்பில் நின்று சுழன்று சுழன்று, கூய்ங் கூய்ங்கென்று பாடிவிட்டு, சாவகாசமாகப் படுத்தது.

அதன்பிறகு வந்த அமைதி இருக்கிறதே, அது இன்னும் மோசம். கதவுக்காரர் அரிசித் தட்டைக் கையில் ஏந்தியபடி சிலையாகிவிட்டார். இயக்குநர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். டேபின் முகம் சிலந்தி வலையாக விரிந்து இருண்டுவிட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் மறுபடி "ஐயோ பாவம்" சொல்கிற ஐந்து பேர் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது.

அப்போது வந்தது அந்தக் குரல்.

"யாரது?"

கர்ஜனை. வசனத்தில் அவர் விழிப்பதற்கு இன்னும் பக்கங்கள் பாக்கி. ஆனால் இவ்வளவு சத்தத்துக்கும் தூங்குகிறவன் மனிதனா? விழித்துத்தான் ஆகவேண்டும், விழித்துவிட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாடகம் சாகவில்லை. உயிர் இருக்கிறது.

"நான்தாங்க" என்றாள்.

"நான்தாங்கன்னா யாரு?"

"திருட வந்தவங்க."

"மரியாதையாத்தான் சொல்ற."

கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநரின் கைகள் தலையிலிருந்து வாய்க்கு இறங்கின. அவர் சிரிப்பை அடக்குகிறாரா அழுகையை அடக்குகிறாரா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. நாலு எட்டில் கம்பளத்தைக் கடந்து கர்ஜனையின் தோளோரம் போய் நின்றாள். இனி இருவருக்கும் ஒரே டேப்தான். எட்டிப் பார்த்தாள்.

கர்ஜனை ஒரு கணம் அதை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தார். பிறகு, வேறு வழியில்லாமல், மெதுவாக அவள் பக்கம் திருப்பினார்.

திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு மூன்றே வார்த்தைகள் இருந்தன. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பிஸ்கட் அளவு. அவர் விரலால் தள்ளினார்; இன்னொரு மூன்று வார்த்தை வந்தது. மறுபடி தள்ளினார். டேபை மூக்கு நுனிவரை கொண்டுபோய், தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் பார்த்தார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாள் இருந்த காலத்தில் இந்த மனிதர் முழு நாடகத்தையும் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கையில் தாளைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். முன்பெல்லாம் கடைசி நேரத் திருத்தம் என்றாலே அவர் சண்டைக்கு வந்ததன் காரணமும் அதுதான். கண்ணாடி போட்டாலும் தேறாத கண்கள். வெளியே தெரிந்தால், படிக்கத் தெரிந்தவர்களுக்கே இடம் போதாத இந்தத் தொழிலில் அவருக்கு மறுநாள் வேலை கிடையாது. டேப் அவருக்குப் புதுமை இல்லை, உயிர்.

ஆனால் இப்போது யோசிக்க நேரமில்லை. இருவரும் பேசுகிற பகுதிக்குப் போகவேண்டும். அவ்வளவு பெரிய எழுத்தில் அதைத் தேடிப் பிடிப்பது கிணற்றைக் கரண்டியால் இறைக்கிற வேலை. கர்ஜனை திரையிலிருந்து முகத்தை எடுக்காமல், இன்னொரு கையால் காற்றில் ரப்பரை இழுப்பதுபோல் சைகை காட்டினார். வானொலிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சைகை: இழு, எப்படியாவது இழு.

எதை வைத்து இழுப்பது? அவள் மைக்கைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய சத்தம் கேட்டால் விழிப்பது வீட்டுக்காரர் மட்டும்தானா?

"யோவ், என்னய்யா சத்தம்? மனுஷன் தூங்க வேணாமா?" என்றது எதிர்வீட்டுப் பெரியவர் குரல். அவள்தான்.

கதவுக்காரர் உயிர் பெற்றார். பெரியவர் பேசி முடிப்பதற்குள் அவருக்கு ஒரு மர ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாங்க. புருஷன் பொண்டாட்டி சண்டை போல" என்றாள் மாடிவீட்டு அம்மா. அவளுக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

"அவருக்குத்தான் பொண்டாட்டியே இல்லையே" என்றது கீழ்வீட்டுப் பெண்.

"அப்போ யாரோட சண்டை போடறாரு?"

"தனியா இருந்தா சண்டை போடக் கூடாதா? பழக்கம் விடுமா?"

ஒரு குழந்தை வீறிட்டது. ஒரு நாய் குரைத்தது; அந்த நாய்க்குப் பதில் சொல்ல இன்னொரு நாய், இது கதவுக்காரர் உபயம். அவளுக்குத் தெரியும், அவர் இதுவரை வாயால் எந்தச் சத்தமும் செய்ததில்லை, அது தன் தொழிலுக்கு இழுக்கு என்பார். இன்றைக்குக் குரைத்தார். காலையில் ஆளுக்கொரு மூலையாகக் கிளம்பி வந்த புருஷனும் பொண்டாட்டியும் கண்ணால் பேசிக்கொண்டே ஒரு முழுத் தெருவை எழுப்பினார்கள். அவள் தலையை அசைத்தால் ஜன்னல் திறந்தது. அவர் கதவைத் தள்ளினால் அதிலிருந்து ஓர் ஆள் வந்தார். இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அனுபவித்ததே இல்லை. பயம் என்பது எங்கே போனதென்று தெரியவில்லை.

கர்ஜனை அவள் தோளைத் தட்டினார். கிடைத்துவிட்டது.

"பூனையா இருக்கும், எல்லாரும் படுங்கப்பா" என்று எதிர்வீட்டுப் பெரியவரை வைத்தே தெருவை அவள் தூங்கப் பண்ணினாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

விடுபட்டுப்போன பக்கங்களின் சங்கதியைத் திரையைப் பார்க்காமல் தன் வாயாலேயே சொன்னாள். "போன மாசம் இங்கேருந்து ஒரு அலாரம் கடிகாரம் எடுத்தேங்க. தினம் விடியறதுக்கு முன்னாடி கத்துது. எப்படித் திருகினாலும் நிக்க மாட்டேங்குது. நான் ராத்திரி வேலை பாக்கறவ. அந்த நேரத்துலதான் வந்து படுப்பேன். தூங்கி ஒரு மாசம் ஆச்சு. திருப்பி வச்சிட்டுப் போகலாம்னு வந்தேன்." எழுத்தாளர் இதை நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

அதன்பிறகு இருவரும் டேபுக்குள் நுழைந்தார்கள். கர்ஜனை தள்ளினார், ஒரு வரி வந்தது, படித்தார். தள்ளினார், அவள் வரி வந்தது, படித்தாள். ஓர் ஒற்றைத் திரையில் இரண்டு தலைகள். அவளுடைய கோடும் சுழியும் அம்பும் எங்கும் இல்லை. அடுத்து என்ன வரும் என்பதே தெரியவில்லை. தாளில் என்றால் கண் முன்னாலேயே ஓடிப்போய், இதோ அழுகை வருகிறது, தயாராகு என்று சொல்லிவிடும். இங்கே அந்த ஒற்றன் வேலைக்கு ஆளில்லை. அவர் சொல்வதைக் கேட்டாள், கேட்டபிறகுதான் பதில் அவள் வாய்க்கு வந்தது.

கடைசிக் காட்சி வந்தது. காலையில் மாற்றி எழுதப்பட்டு, பாதி மட்டுமே மண்டையில் ஏறிய காட்சி. கதவுக்காரர் தரையில் குப்புறப் படுத்துச் சத்தமில்லாமல் தட்டுகளைப் பொறுக்கி, நேரத்துக்குச் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டார். அந்தக் கடிகாரத்தில் நேரம் வைத்தது இறந்துபோன தன் மனைவி என்கிறார் வீட்டுக்காரர். மாற்ற மனம் வராமல் அப்படியே விட்டுவைத்தாராம். அது போனதிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லையாம்.

"இதை நீயே வச்சுக்க" என்றார் கர்ஜனை, கர்ஜனை துளியும் இல்லாத குரலில்.

திரை நகர்ந்தது. அவள் வரி.

"அப்போ உங்களை யாரு" என்று படித்தாள். அதோடு திரை முடிந்துவிட்டது.

யார், என்ன? அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தனி வீட்டையும் அந்த மனிதரையும் நினைத்தபடி, வாயைத் திறந்தபடி நின்றாள். கர்ஜனையின் விரல் திரையைத் தேடித் தள்ளுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. ஒரே ஒரு வார்த்தை மேலே ஏறி வந்தது.

"எழுப்புவாங்க?"

அந்த வார்த்தையைப் பார்த்த கணத்தில்தான் அவளுக்கு அழுகை வந்தது, அழுதபடியே அதைச் சொன்னாள். சுழி போட்டு வைத்துக்கொண்டு அழுத எந்த அழுகையும் இப்படி வந்ததில்லை.

"நீ வந்து எழுப்பு" என்றார் கர்ஜனை. "ஆனா ஜன்னல் வழியா வேணாம். கதவு வழியா வா."

கதவுக்காரர் தன் கதவுகளில் மிக நல்லதைத் தேர்ந்தெடுத்துத் திறந்தார். இசை எழுந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு இயக்குநர் ஓடிவந்தார். வந்த வேகத்தில் அரிசியில் வழுக்கி, மைக் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"போன் நிக்கல. எல்லா லைனும் அடிக்குது. அந்தத் தெரு ஆளுங்க மொத்தம் எத்தனை பேருன்னு ஒருத்தர் கேட்கிறார். மேலிடத்துல இருந்தும் பேசிட்டாங்க. வாராவாரம். கேட்டுதா? வாராவாரம், நீதான் நாயகி."

கதவுக்காரர் எல்லோர் முன்னாலும் பொண்டாட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை வேறு, வீடு வேறு என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, இரண்டையும் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு விஷயம்" என்றார் இயக்குநர், உடைந்த டேபைக் கையில் எடுத்துக்கொண்டு. "நான் தோத்துட்டேன். நீ சொன்னதுதான் சரி. பேப்பர் விழுந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. இந்த வேலைக்கு அதுதான் லாயக்கு. அடுத்த வாரத்துல இருந்து எல்லாருக்கும் பேப்பர். இந்தச் சனியனையெல்லாம் நாளைக்கே திருப்பி அனுப்பிடறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது, அது நழுவி வாயிலும் விழுந்தது. நேற்று இதைச் சொல்லியிருந்தால் அவள் ஸ்டூடியோவைச் சுற்றி ஓடியிருப்பாள். இப்போது அவள் கண் கர்ஜனையிடம் போனது.

அவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டேப் மறுபடி நெஞ்சோடு சேர்ந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சவும் இல்லை.

"பேப்பர்தான் நல்லது" என்றார். "நமக்குப் பழகினது."

"வேணாம் சார்" என்றாள் அவள், இயக்குநரிடம்.

"எது வேணாம்?"

"பேப்பர் வேணாம். இதுவே இருக்கட்டும்."

கதவுக்காரர் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. இயக்குநர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"போன வாரம் பூரா என் உயிரை எடுத்தியே."

"எடுத்தேன் சார்."

"மறுபடி கீழ போட்டேன்னு வச்சுக்கோ. இந்தத் தடவை தப்பிச்சோம். இன்னொரு தடவைன்னா நாடகத்தையே தூக்கிடுவாங்க, உன்னையும் சேர்த்து. புரியுதா?"

"புரியுது. கழுத்துல கயிறு போட்டு மாட்டிக்கறேன்."

"உன் தலையெழுத்து." அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "புது டேப்ல உனக்கு எழுத்து எந்த அளவு வைக்கச் சொல்லட்டும்? அதையாவது ஒழுங்கா சொல்லு."

"அண்ணன் வச்சிருக்கற அளவே."

"அது என்ன அளவு?" என்று இயக்குநர் கர்ஜனையின் பக்கம் கை நீட்டினார். கர்ஜனை தரவில்லை. இயக்குநர் குனிந்து, அவர் விரல்களுக்கு இடையில் தெரிந்த திரையைப் பார்த்தார். பிஸ்கட் எழுத்துகளைப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கத் தொடங்கியது.

அவள் முந்திக்கொண்டாள்.

"ஒரு திரைக்கு ஒரு வரி, அதுக்கு மேல வரக் கூடாது சார். அடுத்தது என்னன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா நடிப்பு செத்துப்போகுது. கடைசியில 'யாரு'ன்னு சொல்லிட்டு நின்னேன் பாருங்க, அது நடிப்பு இல்ல. எனக்கு நிஜமாவே தெரியல. இனிமே நான் இப்படித்தான் படிப்பேன்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது அவளுக்கே சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. இயக்குநரின் நெற்றி விரிந்தது. அவர் கர்ஜனையைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அண்ணே, இவ்வளவு நாளா இதைத்தான் நெஞ்சுக்குள்ள மறைச்சு வச்சிருந்தீங்களா? வேணும்னேதான் இவ்வளவு பெரிசா வச்சுப் படிக்கிறீங்களா?"

கர்ஜனை அவளைப் பார்த்தார். நேராக இல்லை; தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால், அவருக்குப் பார்க்க முடிகிற விதத்தில்.

"ஆமாம்" என்றார். மைக் வாயருகில் இருந்தால்கூடப் பிடித்திருக்க முடியாத அளவுக்குச் சின்னக் குரலில்.